வீடியோவில் ஒரு வாக்குமூலம், நேரில் ஒரு வாக்குமூலம்

வெளிநாட்டில் இருந்து ஊருக்குப் போகிறவர்கள் கோயில், கல்யாணம், வங்கி வேலை என்று ஒரு பட்டியலோடு போவது வழக்கம். இந்த முறை என் பட்டியலின் முதல் வரியில் காவல் நிலையம் இருந்தது. அப்பா காலமானபின் அம்மாவுக்கும் எனக்கும் வந்த மனையை யாரோ விற்றுவிட்டார்கள். அம்மாவுக்குப் பதிலாக வேறொரு பெண்ணைப் பதிவு அலுவலகத்தில் நிறுத்தி, அவர் ஒருவர்தான் வாரிசு என்று போலிச் சான்றும் காட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் லெஸ்டரில் இருந்தபடி பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான், எங்களுக்குத் தெரியாத ஒரு கிரையப் பத்திரம் அதில் ஏறியிருந்தது தெரிந்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி மின்னணு வழியிலும் புகார் கொடுக்கலாம். ஆனால் கொடுத்தவர் மூன்று நாட்களுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். கடல் கடந்து இருப்பவனுக்கு அது ஆகிற காரியமா? அதனால் அம்மாவின் பெயரில் புகார் எழுதி, சித்தப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது, சில வாரங்கள் கழித்து எஃப்.ஐ.ஆர். அதன்பின் என்னை விசாரித்தது இரண்டு விதமாக நடந்தது. முதலில் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில். பிறகு ஊருக்குப் போனபோது நேரில். ஒரே வழக்கு, ஒரே எஸ்.ஐ., ஒரே சாட்சி. ஊரில் நிலம் வைத்துக்கொண்டு வெளியூரில் வாழும் பலருக்கும் இந்த நிலை வரலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

அழைப்பு வந்த விதத்தில் இருந்து தொடங்க வேண்டும். காக்கிச் சட்டையோடு வீடியோவில் தோன்றி, "நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்" என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றி 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் எச்சரித்தார். அப்படி ஒரு கைது முறை சட்டத்தில் கிடையாது என்றும் சொன்னார். இந்தச் சூழலில் உண்மையான எஸ்.ஐ. அழைத்தாலும் சந்தேகம் வருவது இயல்பு. முதல் அழைப்பைத் துண்டித்துவிட்டு, மாநிலக் காவல் துறையின் இணையதளத்தில் இருந்த நிலையத்தின் தொலைபேசி எண்ணுக்குப் பேசி, எஃப்.ஐ.ஆர். எண்ணைச் சொல்லி, விசாரணை அதிகாரி யார், எந்த எண்ணில் இருந்து அழைப்பார் என்று கேட்டுக்கொண்டேன். எஸ்.ஐ. கோபப்படவில்லை. "நல்ல வேலை செய்தீர்கள் சார், எல்லாரும் இப்படிக் கேட்டால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார். பணம் கேட்டாலும், கேமராவை அணைக்காமல் உட்காரச் சொன்னாலும் பேச்சை வளர்க்காதீர்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

வீடியோ விசாரணை ஊரில் காலை 11 மணிக்கு. லெஸ்டரில் அதிகாலை 5.30. எஸ்.ஐ. கைப்பேசியைக் கோப்புகளின் மேல் சாய்த்து வைத்திருந்தார். பக்கத்தில் ரைட்டர் எழுதிக்கொண்டிருந்தார்; அவருடைய முழங்கை மட்டும் தெரிந்தது. நான் என் மேசையில், என் கோப்புகளோடு, நிதானமாக இருந்தேன். அப்பா மனை வாங்கிய ஆண்டு, மூலப் பத்திர எண், பட்டா மாறியது, வரி ரசீதுகள் என்று வரிசையாகச் சொல்ல முடிந்தது. கேட்ட தாளை அந்த நிமிடமே அனுப்பினேன். காவல் நிலையத்தில் காத்திருக்கும்போது வரும் படபடப்பு துளியும் இல்லை. இதைச் சிறிய விஷயமாக யாரும் நினைக்க வேண்டாம். என் சித்தப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எந்த அதிகாரி முன்னாலும் நிமிர்ந்து பேசுகிறவர். புகார் கொடுக்கப் போன அன்று அவரே தேதிகளை மாற்றிச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தாராம். புகார் சொல்ல வந்தவருக்கே அந்த இடம் அச்சம் தருகிறது என்றால், அங்கே சொல்லப்படும் சாட்சியத்தின் தரமும் குறையத்தானே செய்யும்?

இங்கிலாந்தில் ஒரு சாலை விபத்துக்கு நான் சாட்சி சொன்னதும் வீடியோவில்தான். ஆனால் அங்கே காவலர் எழுதியதை மின்னஞ்சலில் எனக்கு அனுப்பினார். படித்து, திருத்தி, கையெழுத்திட்டேன். நம் ஊரில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடவே கூடாது என்கிறது சட்டம். மிரட்டி எழுதி வாங்குவதைத் தடுக்கும் பழைய பாதுகாப்பு அது, காரணம் புரிகிறது. ஆனால் அந்த வாக்குமூலம் வீணாகக் கிடப்பதில்லை. நாளைக்கு நீதிமன்றத்தில் நான் வேறு மாதிரி சொன்னால், "போலீசிடம் இப்படிச் சொன்னீர்களே" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் எடுத்து நீட்டுவார். அப்படியானால் அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரிய வேண்டாமா?

ஊருக்குப் போய் எஸ்.ஐ. முன் உட்கார்ந்தபோதுதான் அது தெரிந்தது. முதல் நாள் அவர் திருவிழா பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். பெஞ்சில் மதியம் வரை இருந்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் கோப்பைத் திறந்து, வீடியோவில் நான் சொன்னதாக எழுதியிருந்ததை வாசித்தார். ஓரிடத்தில் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பழைய குத்தகைதாரரின் மகன் மனையின் ஒரு மூலையில் வைக்கோல் போர் போட்டுக்கொள்ள அப்பா அனுமதித்தார் என்று சொல்லியிருந்தேன். தாளில் இருந்ததோ, "மேற்படி மனையை என் தகப்பனார் அவர் பொறுப்பில் ஒப்படைத்திருந்தார்". ஒரு மூலையில் வைக்கோல் போட விட்டதற்கும் மனையையே ஒப்படைத்ததற்கும் நில வழக்கில் எவ்வளவு தூரம்! இடம் பல வருடங்களாக எங்கள் கையில்தான் இருந்தது என்று அந்த ஆள் வாதாட நாமே படி போட்டுக் கொடுத்த மாதிரி. அன்று அந்த இடத்தில் இணைப்பு விட்டுவிட்டு வந்தது நினைவிருக்கிறது. கேட்காமல் போன சொற்களை ரைட்டர் தனக்குப் பழகிய வாசகத்தால் நிரப்பியிருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சொன்னதும் எஸ்.ஐ. கூடுதல் வாக்குமூலமாகத் திருத்தி எழுத வைத்தார். நான் ஊருக்கு வராமலே இருந்திருந்தால்?

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. நிலையத்துக்கு அழைத்து வரச் சொன்னார்கள். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 179-ஆவது பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தில் ஆண்களுக்கு 65 என்று இருந்த வயதை இதில் 60 ஆகக் குறைத்திருக்கிறார்கள். இதை எடுத்துச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் மறுப்பின்றி ஒரு பெண் காவலரோடு எஸ்.ஐ.யை வீட்டுக்கு அனுப்பினார். கேட்டால் கிடைக்கிற உரிமை இது, கேளுங்கள்.

நேர் விசாரணையின் அருமை அன்று எங்கள் திண்ணையில் தெரிந்தது. மோசடிப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை எஸ்.ஐ. அம்மாவிடம் கொடுத்தார். விற்பவரின் புகைப்படமும் விரல் ரேகையும் இருந்த பக்கம். வீடியோவில் அதே பக்கத்தைக் காட்டியபோது எனக்குக் கரும்புள்ளியாகத்தான் தெரிந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். அந்தப் பெண்ணை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எஸ்.ஐ. அவசரப்படுத்தவில்லை, வெறுமனே உட்கார்ந்திருந்தார். அம்மா பக்கத்தைப் புரட்டி, அடையாளம் காட்டிய சாட்சிகளின் கையெழுத்துக்கு வந்து நின்றார். இரண்டாவது கையெழுத்தின் கீழே ஒரு சுழி போட்டு, அதன் உள்ளே ஒரு புள்ளி. விரலை அதன்மேல் வைத்து, "இது குத்தகைச் சீட்டில் போடுகிற கையெழுத்து ஆயிற்றே தம்பி" என்றார். உள்ளே போய்த் தகரப் பெட்டியில் இருந்து பழைய நெல் கணக்குச் சீட்டுகளை எடுத்துவந்தார். அதே சுழி, அதே புள்ளி. பெண் காவலர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். அன்றே அந்தச் சீட்டுகள் ரசீது போட்டுக் கைப்பற்றப்பட்டன.

அம்மாவை வீடியோவில் விசாரித்திருந்தால் இது வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். திரையில் கேள்விக்குப் பதில் வரும். தாளைக் கையில் வாங்கி, புரட்டி, யாரும் எதுவும் பேசாத அந்தச் சில நிமிடங்களில் எழும் நினைவு வராது. அழைப்பில் மௌனம் வந்தால் "கேட்கிறதா, கேட்கிறதா" என்றுதான் இரண்டு பக்கமும் பதறுகிறோம்.

அதற்காக வீடியோ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் இருக்கும் சாட்சியிடம் நிகழ்வுகளின் வரிசையையும் ஆவணங்களையும் பெற அதுதான் வேகமான வழி. டிக்கெட் போட்டு வரும்வரை காத்திருந்தால் மனை இரண்டு கை மாறிவிடும். ஆனால் அதைச் செய்கிற முறை சரியாக வேண்டும். சாட்சி சொல்வதை ஒலி-ஒளியாகவும் பதிவு செய்யலாம் என்று 180-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. பழைய சட்டத்திலும் 2008 திருத்தத்தில் இருந்தே இந்த வசதி உண்டு. வீடியோவில் பேசும்போதே பதிவு செய்யாமல் விடுவது என்ன நியாயம்? என் வைக்கோல் போர் ஒப்படைப்பாக மாறியதைப் பதிவு இருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்த்திருக்கலாம்.

நீதிமன்றங்கள் இதில் எவ்வளவோ முன்னே போய்விட்டன. அமெரிக்க மருத்துவர் ஒருவரின் சாட்சியத்தை வீடியோவில் பெறலாம் என்று பிரஃபுல் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-லேயே தீர்ப்பளித்தது. 2020-இல் வகுக்கப்பட்ட மாதிரி விதிகளின்படி, வெளிநாட்டில் இருக்கும் சாட்சிக்கு இந்தியத் தூதரக அதிகாரி ஒருவர் ஒருங்கிணைப்பாளராக இருப்பார். எனக்கு அருகே பர்மிங்ஹாமில் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கே ஓர் அறையில், ஓர் அதிகாரியின் முன்னிலையில் போலீஸ் விசாரணைக்கும் உட்கார முடிந்தால், அழைப்பவர் உண்மையான போலீசா என்ற கேள்வியும், பேசுகிறவர் உண்மையான சாட்சியா என்ற கேள்வியும் சேர்ந்தே தீரும்.

நான் சொல்வது எல்லாம் புகார்தாரருக்கும் சாட்சிக்கும்தான். பிடிபட்டவரின் கதை வேறு. கொரோனா காலத்தில் இங்கிலாந்தில் வழக்கறிஞர்கள் திரை வழியாகவே விசாரணையில் கலந்துகொள்ள ஏற்பாடு செய்தார்கள். அறையில் தனியாக இருக்கும் சிறுவனுக்குக் கேள்வி புரிகிறதா என்பது திரைக்கு அப்பால் இருப்பவருக்கு எப்படித் தெரியும் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. அது நியாயமான விமர்சனம். நம் மாநிலத்தில் 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் உயிரிழந்ததை மறந்துவிட்டு யாரும் இதைப் பேச முடியாது. அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கைதானவர் பக்கத்தில் ஓர் வழக்கறிஞர் நேரில் இருக்க வேண்டும், கேமராவும் ஓட வேண்டும்.

புறப்படும் முன் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தேன். வெளிநாட்டுப் புகார்தாரரை வீடியோவில் விசாரித்தால் பதிவு செய்ய வேண்டும், முடிக்கும் முன் எழுதியதை வாசித்துக்காட்ட வேண்டும், அழைக்கும் எண்ணை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். விசாரணை நிலவரத்தை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும், மின்னணு வழியிலும் தெரிவிக்கலாம் என்று சட்டம் சொல்வதால், அம்மாவின் ஒப்புதலோடு என் மின்னஞ்சல் முகவரியையும் கோப்பில் சேர்க்கச் சொன்னேன், சேர்த்துவிட்டார்கள். அம்மாவின் விரல் ரேகை ஒப்பீட்டுக்குப் போயிருக்கிறது. அறிக்கை வந்ததும் என்னிடம் இன்னும் சில விவரம் கேட்க வேண்டியிருக்கும் என்றார் எஸ்.ஐ. அது வீடியோவில்தான் நடக்கும். இந்த முறை பதிவு செய்வதாகவும் கடைசியில் வாசித்துக்காட்டுவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.