டக்கென்று திறக்காத கத்தி: ஐந்தரை வருடம், நான்கு மடக்குக் கத்திகள், இரண்டு பிள்ளைகள்

பெரியவளுக்கு அப்போது ஒன்றரை வயது. தரையில் உட்கார்ந்து அவளோடு கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்பினால், அவள் கையில் என் மடக்குக் கத்தி. நல்ல வேளை, மடங்கித்தான் இருந்தது. ஒரு முனையை வாயில் வைத்துக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கால்சட்டைப் பையிலிருந்து அது எப்போது நழுவியது என்றே தெரியவில்லை.

பையில் கத்தி வைத்துக்கொள்வது எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே பழக்கம். அன்றைக்கே அதை விடச் சொன்னாள் மனைவி. விட மனசு வரவில்லை, கத்தியை மாற்றினேன். அப்படி மாற்றி மாற்றி நாலாவது கத்தியில் வந்து நிற்கிறேன். பெரியவளுக்கு இப்போது ஏழு முடிந்தது, சின்னவனுக்கு நான்கு. கைக்குழந்தை வீட்டில் இருக்கிறது, எந்தக் கத்தி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன்.

அன்று அவள் கடித்தது ஒரு ஃப்ளிப்பர் கத்தி. பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் சின்னக் கொம்பை ஆட்காட்டி விரலால் தட்டினால் பிளேடு பறந்து வெளியே வந்து ‘டக்’ என்று நிற்கும். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் கத்தி என்ற நிலைமைக்கு இதைவிட வசதி கிடையாது. அட்டைப்பெட்டியிலும் ‘பாதுகாப்பான லாக்’ என்று போட்டிருந்தது. அந்த லாக் உண்மையாகவே நல்ல லாக். ஆனால் அது வேலை செய்வது கத்தி திறந்த பிறகு! 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் உருவாக்கிய லைனர் லாக் வகை அது. திறந்த பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு வந்து முட்டுக்கொடுக்கும், பிளேடு திரும்ப மடங்காது. மடங்கிய நிலையில் பிளேடைப் பிடித்துவைத்திருப்பது அந்தத் தகட்டில் பதித்த ஒரு குட்டிக் குண்டு மட்டும்தான். பிளேடில் இருக்கும் சின்னக் குழியில் அது உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டக் கொஞ்சம் அழுத்தம் போதும், மீதியை வேகமே பார்த்துக்கொள்ளும். பெரியவர் கைக்கு லாக், குழந்தை கைக்கு வெறும் குண்டு.

அதைவிடப் பெரிய தப்பு அந்தச் சத்தம். மேஜையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது திறந்து மூடி, திறந்து மூடி விளையாடுவது என் கைக்குப் பழகிப்போயிருந்தது. இரண்டு வயதில் அவள் அதற்குப் பெயரே வைத்துவிட்டாள். “அப்பா, டக்டக் குடு.” அந்த வார்த்தையைக் கேட்ட வாரமே அந்தக் கத்தி ஒரு நண்பரிடம் போய்விட்டது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கத்தி வாங்கும்போது கூர், எஃகு, எடை எல்லாம் பார்க்கிறோம். விளையாடத் தோன்றுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கு முதலில் பார்க்க வேண்டியது இப்போது அதுதான். கையில் எடுத்ததும் இரண்டாம் தடவை திறந்து பார்க்க ஆசை வருகிற கத்தி, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்.

அடுத்து வாங்கியது நேர் எதிர்: நகத்தால் இழுத்துத் திறக்கிற, லாக் இல்லாத, ஸ்பிரிங் மட்டும் இருக்கிற பழைய பாணிக் கத்தி. சுவிஸ் ராணுவக் கத்தி என்று எல்லோரும் அறிந்த வகை. கார்ல் எல்செனர் 1884இல் சுவிட்சர்லாந்தின் ஈபாக்கில் பட்டறை தொடங்கி, 1891இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்து, 1897 ஜூன் 12 அன்று அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார். அதில் அவர் செய்த கெட்டிக்காரத்தனம், முதுகில் இருக்கும் ஒரே ஸ்பிரிங் இரண்டு பக்கத்துக் கருவிகளையும் பிடித்துவைக்கும்படி அமைத்தது. அந்த முதுகு ஸ்பிரிங்தான் எனக்கு வேண்டியிருந்தது. மூடிய பிளேடையும் அது அழுத்திப் பிடிக்கும், கொஞ்சம் திறந்து விட்டாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். திறக்க இரண்டு கை வேண்டும், அதோடு பிளேடில் இருக்கும் நகப்பள்ளத்தில் பிடிக்கிற அளவுக்கு உறுதியான நகமும் வேண்டும். குழந்தை நகம் காகிதம் மாதிரி, மடங்கிவிடும்.

கடையில் நான் செய்கிற சோதனை இதுதான். நகத்தை விட்டுவிட்டு, பெருவிரல் சதையாலும் மோதிர விரலாலும் மட்டும் பிளேடைக் கிள்ளி இழுத்துப் பார்ப்பேன். நீளமான பள்ளம் வெட்டியிருந்தாலோ, பிளேடின் முதுகு பிடிக்கு வெளியே அதிகம் நீட்டியிருந்தாலோ சுலபமாக வந்துவிடும். அப்படி வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். குழந்தை கையில் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு தடவை சொல்லிக்கொடுத்தது போலத்தான் ஆகும்.

இந்த வகையில் யாரும் கவனிக்காத ஒரு விஷயம், பிடியின் ஓரத்தில் செருகியிருக்கும் பல்குத்தியும் இடுக்கியும். பிளேடைத் திறக்க முடியாத குழந்தை அவற்றை உருவிவிடும். மெல்லிசான பிளாஸ்டிக் குச்சி வாய்க்குள் போக நேரம் ஆகாது. வாங்கிய அன்றே இரண்டையும் உருவி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

இந்தக் கத்தியோடு இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. அந்த இரண்டு வருடத்தில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது: கத்தியால் நான் செய்த வேலையில் பாதிக்கு மேல் கத்தி வேலையே இல்லை. பொம்மைப் பெட்டிக்குள் பொம்மையின் கையையும் காலையும் கட்டிவைத்திருக்கும் பிளாஸ்டிக் முறுக்குகள், புதுச் சட்டையின் கழுத்தில் உறுத்துகிற துணிச்சீட்டு, மருந்து உறை, நூல் பிசிறு. எல்லாம் கத்தரிக்கோல் வேலை. அடுத்தபடியாக ஸ்க்ரூ டிரைவர். பேட்டரி போடுகிற பொம்மைகளின் மூடி எல்லாவற்றிலும் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கிறதே, அதற்கு. பிளேடு எப்போதாவது ஒரு பார்சல் பிரிக்கவோ பழம் நறுக்கவோதான். குழந்தை பக்கத்தில் இருக்கும்போது பிளேடைத் திறக்காமலே வேலை முடிவதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறென்ன? அதனால் கருவிகள் இருக்கும் கத்தி வாங்குகிறவர்கள் கத்தரிக்கோல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பிளேடே இல்லாத கருவிகளும் உண்டு. லெதர்மேன் நிறுவனத்தின் ஸ்டைல் பிஎஸ் அப்படி ஒன்று: குறடு, கத்தரிக்கோல், அரம் எல்லாம் இருக்கும், பிளேடு கிடையாது. ஆறு மாதம் அந்த மாதிரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தேன். பார்சல் பிரிக்கிற நாட்களைத் தவிர கத்தியைத் தேடவே இல்லை. என் கணக்கில் மூன்றாவது ‘கத்தி’ அது. கத்தி என்று ஒத்துக்கொள்ள என் மனைவி தயாராக இல்லை.

லாக் இல்லாத கத்தியின் குறை ஒரு மாலையில் தெரிந்தது. கெட்டியான அட்டையில் முனையைக் குத்தி ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து சின்னவன் ஓடிவந்து தோளைக் கட்டிக்கொண்டான். கை நழுவி, பிளேடு மடங்கி, ஆட்காட்டி விரல் கணுவில் இறங்கியது. தையல் போடுகிற அளவுக்கு இல்லை, ஆனால் சின்னவன் பயந்து அழுததில் என் விரலை மறந்தே போனேன். லாக் இல்லாத கத்தியால் இழுத்து அறுக்கலாம், குத்தக் கூடாது. தெரிந்திருந்தும் செய்தது என் தப்புதான். ஆனாலும் பிள்ளைகள் எந்தப் பக்கத்திலிருந்து எப்போது மேலே விழுவார்கள் என்று சொல்ல முடியாத வீட்டில், திறந்த பிளேடு திறந்தபடியே நிற்பதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. லைனர் லாக்குக்குத் திரும்பவும் மனமில்லை. அதை மடக்கும்போது பெருவிரலைப் பிளேடு வருகிற பாதையிலேயே வைத்துத் தகட்டைத் தள்ள வேண்டும். ஒரு கண் குழந்தை மேல் இருக்கும்போது செய்கிற வேலை அல்ல அது.

அப்படித்தான் வளைய லாக் கத்திக்கு வந்தேன். கழுத்தில் ஒரு உலோக வளையம் இருக்கும், அதைத் திருகினால் பிளேடின் வழி அடைபடும். பிரான்ஸின் சவோய் பகுதியில் 1890இல் ஜோசஃப் ஒபினெல் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு, 1955இல் மார்செல் ஒபினெல் சேர்த்த வளையம் இது. முதலில் அது திறந்த பிளேடை மட்டும்தான் பூட்டியது. 2000ஆம் ஆண்டில் செய்த மாற்றத்துக்குப் பிறகு மூடிய நிலையிலும் பூட்டலாம் என்று ஆனது. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அந்த இரண்டாவது பூட்டுதான் முக்கியம். நான் பார்த்தவரை பெரும்பாலான மடக்குக் கத்திகளில் மூடிய நிலைக்கு லாக் கிடையாது. திறக்க வளையத்தைத் திருக வேண்டும், பிறகு நகத்தால் இழுக்க வேண்டும், திரும்பவும் வளையத்தைத் திருக வேண்டும். மூன்று வேலை, இரண்டு கை, சத்தம் எதுவும் இல்லை. அவசரத்துக்கு உதவாது என்று சிலர் குறை சொல்வார்கள். ஐந்தரை வருடத்தில் கத்தி உடனே வேண்டும் என்ற அவசரம் எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

மரப்பிடிக்கு ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் மரம் ஊறி, பிளேடை இழுக்க எனக்கே பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். வெயில் காலத்தில் தானாகத் தளர்ந்துவிடும். கார்பன் எஃகு பிளேடாக இருந்தால் பழம் நறுக்கித் துடைக்காமல் வைத்தாலே கறுத்துப்போகும். குழந்தைக்கு நறுக்கிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் துருப்பிடிக்காத எஃகே வாங்குங்கள். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தவன் சொல்கிறேன், கூர் வித்தியாசம் வீட்டு வேலையில் தெரியாது.

முனையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கூர்முனை வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஷீப்ஸ்ஃபுட் என்கிற வடிவத்தில் கூர் நேர்கோடாக இருக்கும், முதுகு வளைந்து வந்து அதோடு சேரும். குத்துகிற முனை இருக்காது. மீட்புப் பணிக்காரர்கள் சீட் பெல்ட் அறுக்க மழுங்கல் முனைக் கத்தி வைத்திருப்பதும் அடியில் இருப்பவரைக் குத்திவிடக் கூடாது என்றுதான். கூர் மட்டும் மழுங்கக் கூடாது. மழுங்கினால் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும்.

நிறத்தில் நான் ஏமாந்தேன். சிவப்பு பிள்ளைகள் கண்ணை இழுக்குமே என்று பழுப்பு மரப்பிடி வாங்கினேன். பூங்காவில் காய்ந்த இலைகளுக்கு நடுவே விழுந்துவிட்டது. சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தேடினோம். அவனை இறக்கிவிட்டால் அவன் முதலில் கண்டுபிடித்துவிடுவானோ என்ற பயம். அன்று இரவே பிடியில் பாதிக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்தேன். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் தொலைவதில்லை.

பையின் விளிம்பில் மாட்டுகிற கிளிப் உள்ள கத்தி வேண்டாம். குழந்தையை இடுப்பில் வைக்கும்போது அதன் கால் சரியாகக் கிளிப்பின் மேல்தான் வந்து மாட்டும், கத்தி மேலே எழும்பும். பொத்தான் வைத்த பைதான் சரி. குழந்தையின் துணிப்பையில் மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அந்தப் பையை அதிகம் குடைவது குழந்தைதான். நான் ஒரு முறை போட்டு மறந்து, விமான நிலையச் சோதனையில் டயப்பருக்கு நடுவிலிருந்து கத்தியை எடுத்துக் காட்டினார்கள். கத்தி போனது ஒரு பக்கம், மனைவி பார்த்த பார்வை இன்னொரு பக்கம். வெளியில் எடுத்துப் போகிறவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் லாக் இல்லாத, 3 அங்குலத்துக்குள் கூர் உள்ள மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம், லாக் இருந்தால் தக்க காரணம் வேண்டும். வீட்டுக்கு எது பத்திரமோ அதுதான் தெருவுக்கும் சரி என்று இல்லை.

வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்: கத்தி தளர்கிறது, குழந்தை வளர்கிறது. பழச்சாறு பிசுபிசுத்ததால் வெந்நீரில் சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். ஸ்பிரிங் கத்தி வெண்ணெய் மாதிரி திறக்க ஆரம்பித்தது. எனக்குச் சந்தோஷம். அடுத்த நிமிஷம் அந்த மோதிர விரல் சோதனையைச் செய்து பார்த்தேன், தோற்றுப்போனது. வாங்கியபோது இரண்டு வயதுக்காரிக்குத் திறக்க முடியாத கத்தி, நாலரை வயதில் அவளுக்குத் திறக்கும் கத்தி ஆகியிருந்தது. அன்றிலிருந்து எண்ணெய் விடும்போதெல்லாம் சோதனையும் உண்டு.

பெரியவளுக்கு ஏழாவது பிறந்தநாளுக்கு அவளுக்கென்றே ஒரு கத்தி வாங்கினோம், உருண்டை முனை. விக்டோரினாக்ஸ் (எல்செனர் தொடங்கிய நிறுவனம்), ஒபினெல் இரண்டு பேருமே சிறுவர்களுக்கென்று இப்படிச் செய்கிறார்கள். மூடிய கத்தியைப் பிடித்துக் கையை நீட்டி ஒரு சுற்று சுற்றுவாள், அந்த வட்டத்துக்குள் யாரும் இல்லை என்றால்தான் உட்கார்ந்து திறப்பாள். சாரணர்கள் சொல்லிக்கொடுக்கிற முறை. குச்சி சீவி முடித்ததும் மூடி என் கையில் கொடுத்துவிட வேண்டும். இதுவரை கொடுத்துவிடுகிறாள்.

சின்னவன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்கிறான். போன வாரம் என் கத்தியைக் காட்டி, “இந்த வளையத்தை இப்படித் திருப்பணும், அப்புறம் இப்படி இழுக்கணும்” என்று வரிசை மாறாமல் சொன்னான். விரலில் பலம் மட்டும்தான் பாக்கி. வீட்டில் இருக்கும் நேரத்தில் என் கத்தி இப்போது அலமாரியின் மேல் தட்டில், பூட்டுக்குள் இருக்கிறது.