அமிர்தி ரோட்டுப் புற்றுக்காளான்: வேரோடு இருந்தால் மட்டும் வாங்குங்கள்

வேலூர் பக்கம் கணியம்பாடி தாண்டி அமிர்தி போகிற ரோட்டில், ஐப்பசி கார்த்திகையில் ராத்திரி மழை பெய்து விட்ட காலையில், மலையிலிருந்து இறங்கி வரும் பெண்கள் தேக்கு இலையில் கூறு கட்டிக் காளான் விற்பார்கள். போர்டு கிடையாது, நேரம் கிடையாது, சில நாள் ஆளே இருக்காது. ஆனாலும் இதைக் கடை என்றே வைத்து எழுதுகிறேன், ஏனென்றால் வேலூரில் டப்பாவில் அடைத்து விற்கிற பட்டன் காளானுக்கும் இதற்கும் ருசியில் சம்பந்தமே இல்லை.

விலை ஆளைப் பார்த்துத்தான். கார் நிறுத்தினால் கூறு 200 என்பார்கள், பைக்கில் போனால் 150. பேரம் பேசலாம், ரொம்பப் பேச வேண்டாம். இருட்டோடு எழுந்து காடு சுற்றிப் பொறுக்கியது. சும்மா விதை போட்டு வளர்க்கிற சமாச்சாரமும் இல்லை இது. கரையான் புற்றுக்குள்ளே தன் சாப்பாட்டுக்காக ஒரு பூஞ்சையை வளர்க்கிறது, மழை ஈரம் இறங்கினதும் அதிலிருந்துதான் இந்தக் காளான் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. கரையான் இல்லாமல் இதைப் பண்ணையில் எடுக்க முடியாது. பால் காளான் வேறு, அதைக் கொட்டகை போட்டே வளர்க்கலாம்.

அதனால்தான் வேரைப் பார்க்கச் சொல்கிறேன். அடித்தண்டு மண்ணுக்குள் நீளமாக, கூர்மையாக இறங்கியிருக்கும், குடை நடுவில் ஒரு முனை இருக்கும். நான் வழக்கமாக வாங்குகிற அம்மா வேரைக் கிள்ளாமல் மண்ணோடு வைத்திருப்பார், மொட்டும் அரைகுறையாக விரிந்ததும் மட்டும்தான், முழுசா விரிந்ததைக் கேட்டாலும் "அது வேணாம் கண்ணு, புழு இருக்கும்" என்று தள்ளிவிடுவார். இதற்காகவே முழு மார்க் கொடுக்கலாம்.

பத்து மணிக்கு மேல் கதை வேறு. வெயில் ஏறினதும் சிலர் கழுவி, தண்டை நறுக்கி, விரிந்ததையும் கலந்து குவித்துவிடுகிறார்கள். அதை வாங்காதீர்கள். மழைக்குப் புல்தரையில் முளைக்கிற வெள்ளைக் குடைக்காளான் ஒன்று உண்டு, தண்டில் வளையம் இருக்கும், முற்றினால் குடையின் அடி பச்சையாகும், தின்றால் வாந்தி பேதிதான். வேரை நறுக்கிவிட்டால் நம்மைப் போன்ற ஆட்களுக்கு எது எது என்றே தெரியாது. மஞ்சள் போட்டுப் பார், பூண்டு கருத்தால் விஷம் என்பதெல்லாம் சும்மா பேச்சு. சில விஷக்காளான் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே காட்டாது, அப்புறம் கல்லீரலைப் பிடிக்கும். நாமே காட்டில் போய்ப் பொறுக்கலாமே என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து வேண்டாம்.

சுத்தம் பண்ணுவது பெரிய வேலை, செம்மண் போகவே போகாது, ஒவ்வொன்றாகச் சுரண்ட வேண்டும். தண்ணீரில் ஊறவிடாதீர்கள். சின்ன வெங்காயம், மிளகு, கொஞ்சம் தேங்காய், அவ்வளவுதான். மசாலாத் தூளைக் கொட்டினால் காசு வீண். கேழ்வரகுக் களிக்கு இந்தக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டால் கோழி கேட்கவே தோன்றாது.

வாங்கினால் அன்றைக்கே சமைத்துவிடுங்கள், ஃபிரிட்ஜில் மறுநாளே கொழகொழப்பாகிவிடும். போன் பே எல்லாம் எல்லாரிடமும் இல்லை, சில்லறை எடுத்துப் போங்கள். பாலித்தீன் கவரில் கட்டினால் வேலூர் வந்து சேர்வதற்குள் வியர்த்துவிடும், துணிப்பைதான் சரி.