பக்கத்து ஊர் ஊசியா, திருவனந்தபுரம் ஓட்டமா? மாரடைப்பில் குமரிக்காரர் எதைத் தேர்வது

குமரி மாவட்டத்தில் ஒருவருக்கு மாரடைப்பு என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலேயே இரண்டு கட்சி உருவாகிவிடும். "இங்கயே ஊசியப் போட்டுப் பாப்போம்" என்று ஒரு கட்சி. "இங்க வச்சு நேரத்தப் போக்காண்டாம், நேரா திருவனந்தபுரத்துக்கு விடு" என்று இன்னொன்று. பெரும்பாலும் இரண்டாவது கட்சிதான் ஜெயிக்கும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி என்றால் ஏழைக்கு, குழாய்க்குள் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைப்பதென்றால் வசதியுள்ளவனுக்கு என்ற எண்ணம் அந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது. "கையில காசிருந்தும் கொண்டு போகலியே" என்று நாளை சொந்தக்காரர்கள் பேசுவார்களே என்ற பயம் வேறு.

கேஷுவாலிட்டியில் நின்று இந்தச் சண்டையைப் பலமுறை கேட்டவன் நான். இரண்டு கட்சியுமே பாதி சரி என்பது என் கருத்து. கடந்த முப்பது, நாற்பது ஆண்டு ஆய்வுகளை நம் ஊர்ச் சாலைகளோடு சேர்த்துப் படித்தால் மூன்றாவது ஒரு வழி தெளிவாகத் தெரியும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். இங்கே பேசுவது எல்லா நெஞ்சுவலிக்கும் அல்ல. இதய ரத்தக்குழாய் முழுதாக அடைத்து, இசிஜியில் எஸ்டி என்ற பகுதி தூக்கி நிற்கும் மாரடைப்புக்கு மட்டும். டாக்டர்கள் சுருக்கமாக 'ஸ்டெமி' என்பார்கள். எஸ்டி தூக்காத மாரடைப்பும் உண்டு. அதற்குக் கட்டி கரைக்கும் ஊசி போடக்கூடாது. ஆகவே இசிஜி எடுக்கும் வரை ஊசியா ஸ்டென்டா என்ற வாதத்துக்கே இடமில்லை. இசிஜி எடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் "வாயுப் பிடிப்பா இருக்கும்" என்று ஓமத்திரவம் குடித்து, ஜெலுசில் குடித்து, முதுகைத் தடவிவிட்டு வீட்டிலேயே கழியும் இரண்டு மணி நேரத்தை எந்த ஆய்வாலும் திருப்பித் தர முடியாது.

நேரடி ஆஞ்சியோபிளாஸ்டி

ஊசியே போடாமல் நேராக, இதயக் குழாய் அடைப்பைத் திறக்கும் அறையான கேத் லேப்புக்குக் கொண்டுபோய், குழாய்க்குள் மெல்லிய கம்பி விட்டு, பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைப்பது. நேரத்துக்குள் நடந்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. 2003-இல் 23 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஊசி போட்டவர்களில் 9 சதவீதம் பேரும், நேரடியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்தவர்களில் 7 சதவீதம் பேரும் குறுகிய காலத்துக்குள் இறந்திருந்தார்கள்.

திருவனந்தபுரம் கட்சிக்குச் சாதகமான ஆய்வு என்றால் அதே ஆண்டு டென்மார்க்கில் இருந்து வந்த டானாமி-2. சிறிய மருத்துவமனையில் ஊசி போடுவதா, ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதா என்பதுதான் அங்கும் கேள்வி. மரணம், மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்தால் 30 நாளில் ஊசிப் பக்கம் 14.2 சதவீதம், அனுப்பியவர்களிடம் 8.5 சதவீதம். அனுப்பிய பக்கத்துக்குத்தான் வெற்றி.

ஆனால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். சிறிய மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், நேரே பெரிய மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இருவரையும் சேர்த்து மொத்தக் கணக்கில் மரணத்தை மட்டும் எடுத்தால் வித்தியாசம் சிறிது: ஊசிப் பக்கம் 7.8, ஆஞ்சியோபிளாஸ்டிப் பக்கம் 6.6 சதவீதம். பெரிய இடைவெளி, மறுபடி மாரடைப்பு வருவதில்தான்: 6.3-க்கு 1.6. அதாவது ஊசியால் திறந்த குழாய் அடுத்த சில நாளில் திரும்பவும் அடைத்துக்கொண்டது. அந்த ஆய்வில் ஊசி போட்டவர்களை உடனே ஆஞ்சியோவுக்கு, அதாவது குழாய்க்குள் சாயம் செலுத்தி அடைப்பைப் படமெடுத்துப் பார்க்க, அனுப்பும் வழக்கம் இல்லை. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். இன்னொன்று, அங்கே அனுப்பப்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இனி நம் கணக்கு. குலசேகரம் பக்கம் விடியற்காலை ரப்பர் பால் வெட்டப் போனவருக்கு நெஞ்சை அடைக்கிறது என்று வையுங்கள். தோட்டத்திலிருந்து தலைவிளக்கோடு அவரை ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும், வண்டி பிடிக்க வேண்டும். அப்புறம் மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்தது பெரிய உதவிதான், ஆனால் எல்லை தாண்டியதும் பள்ளிக்கூட நேரத்து நெரிசல் ஆம்புலன்ஸ் சைரனுக்கு மசியாது.

வழிகாட்டு நெறிகள் சொல்லும் 120 நிமிடத்தைப் பலரும் பயண நேரம் என்று நினைக்கிறார்கள். அது பயண நேரம் அல்ல. இசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்த நிமிடத்திலிருந்து, அடைப்பைக் கம்பி கடக்கும் நிமிடம் வரை உள்ள மொத்த நேரம். போய் இறங்கியதும் திரும்ப ஒரு இசிஜி, கையெழுத்து, முன்பணம், தூங்குகிற கேத் லேப் ஆட்களை எழுப்பி வரவழைப்பது எல்லாம் இந்த 120-க்குள் அடங்க வேண்டும். ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறவர்களிடம் நான் கேட்பது, கம்பி எத்தனை மணிக்கு உள்ளே போனது என்பதைத்தான். பெரும்பாலும் பதில் வராது.

ஊசி மட்டும்

ஊசியை ஏழை வைத்தியம் என்பவர்கள் ஐசிஸ்-2 ஆய்வைப் பார்க்க வேண்டும். 1988-இல் வெளிவந்தது, 17,187 நோயாளிகள். கட்டி கரைக்கும் ஊசியான ஸ்ட்ரெப்டோகைனேஸும் சாதாரண ஆஸ்பிரினும் சேர்த்துக் கொடுத்ததில், ஐந்து வாரத்தில் இதய ரத்தநாள மரணங்கள் 42 சதவீதம் குறைந்தன. ஆஸ்பிரின் மட்டுமே 23 சதவீதம் குறைத்தது. சில ரூபாய் மாத்திரை!

ஊசியிலும் தரம் உண்டு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் மலிவு, ஆனால் 15 லட்சம் யூனிட்டை ஏறக்குறைய ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். பாதியில் பிரஷர் இறங்கும், சிலருக்கு அலர்ஜி வரும். ஒருமுறை போட்டவருக்கு உடலில் எதிர்ப்பொருள் உருவாகிவிடுவதால் அடுத்த மாரடைப்புக்கு அதையே நம்ப முடியாது. இன்னொரு ஊசியான டெனெக்டிபிளேஸ் விலை பல மடங்கு, வேலை சுலபம். நர்ஸ் கேட்கும் ஒரே கேள்வி "எத்தனை கிலோ?" மனைவி "சுகர் பாக்கப் போனப்ப அறுபத்தெட்டுன்னாங்க" என்பார். 60-க்கு மேல் 70-க்குள் என்றால் 35 மில்லிகிராம். மருந்துத் தூளில் தண்ணீரைச் சேர்த்துக் குலுக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைத்து, பத்து நொடிக்குள் நரம்பில் ஏற்றி முடித்துவிடலாம். 1999-இல் 16,949 பேரிடம் சோதித்ததில், அல்டிபிளேஸ் என்ற இன்னொரு கட்டி கரைக்கும் மருந்தை ஏற்றியவர்களுக்கும் இதைப் போட்டவர்களுக்கும் 30 நாள் மரணம் ஏறக்குறைய ஒன்றுதான், 6.2 சதவீதம். என்னைக் கேட்டால், நோயாளியை அடுத்து வண்டியில் ஏற்ற வேண்டிய நம் மாதிரி ஊருக்கு ஒரே குத்தில் முடியும் மருந்துதான் சரி.

குறைகளும் சிறியவை அல்ல. மூன்றில் ஒருவருக்கு ஊசி சரியாக வேலை செய்வதில்லை. நூறில் ஒருவருக்கு அருகில் மூளைக்குள் ரத்தம் கசியலாம். முன்பு மூளையில் ரத்தக்கசிவு வந்தவர், சமீபத்தில் பக்கவாதமோ தலைக்காயமோ பெரிய ஆபரேஷனோ கண்டவர், உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருப்பவர் ஆகியோருக்குப் போடவே கூடாது. வலி தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. முதல் இரண்டு மூன்று மணி நேரத்துப் புதுக்கட்டி கரைவதுபோல் பழைய கட்டி கரையாது.

ஊசி போட்டுவிட்டு ஓடுவது

2013-இல் வந்த ஸ்ட்ரீம் ஆய்வு இந்த வாதத்தையே மாற்றியது. வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் வந்தவர்கள், ஒரு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்க வழியில்லாதவர்கள், மொத்தம் 1,892 பேர். ஒரு பாதிக்கு டெனெக்டிபிளேஸைப் போட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, 6 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்தார்கள். மறுபாதிக்கு நேரடி ஆஞ்சியோபிளாஸ்டி. மரணம், பிரஷர் விழும் அதிர்ச்சிநிலை, இதயச் செயலிழப்பு, மறுமாரடைப்பு எல்லாம் சேர்த்து 30 நாளில் ஊசிப் பக்கம் 12.4, மறுபக்கம் 14.3 சதவீதம். புள்ளியியல்படி இரண்டும் சமம். வலி தொடங்கியதிலிருந்து சிகிச்சை தொடங்க ஊசிப் பக்கம் 100 நிமிடம், மறுபக்கம் 178 நிமிடம். நன்றாக ஒழுங்குபடுத்தப்பட்ட நாடுகளிலேயே 178!

ஆனால் ஊசி போட்டவர்களில் 36 சதவீதம் பேரை அவசரமாக கேத் லேப்புக்குள் கொண்டுபோக நேர்ந்தது. 'ஊசி போட்டாச்சு, இனி காலையில பாக்கலாம்' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. 60 முதல் 90 நிமிடத்தில் இசிஜியைத் திரும்ப எடுத்து, தூக்கிய எஸ்டி பாதிக்கு மேல் இறங்காவிட்டால் உடனே ஆஞ்சியோ. இறங்கிவிட்டாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ. மூளைக்கசிவு 1.0 சதவீதமாக இருந்தது, 75 வயது தாண்டியவர்களுக்கு மருந்தைப் பாதியாக்கிய பிறகு 0.5 ஆனது. 2023-இல் வந்த ஸ்ட்ரீம்-2, 60 வயது தாண்டிய 604 பேரிடம் பாதி அளவைச் சோதித்தது. குழாய் திறப்பது ஏறக்குறைய ஒத்துப்போனது, மூளைக்கசிவு 1.5 சதவீதத்தில் நின்றது, நேரடி ஆஞ்சியோபிளாஸ்டிப் பக்கம் ஒன்றுகூட இல்லை. வயதானவர்களிடம் இந்த வழிக்கு விலை உண்டு, மறைக்க வேண்டாம்.

ஆனால் நம் நோயாளிகள் இளையவர்கள். தமிழ்நாட்டிலேயே நடந்து 2017-இல் வெளியான டிஎன்-ஸ்டெமி திட்டத்தின் 2,420 பேரில் சராசரி வயது 55-ஐ ஒட்டியது. சிற்றூர் மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். அடைப்பைத் திறக்கும் சிகிச்சை கிடைத்தவர்களின் அளவு பெரிதாக மாறவில்லை (88.5, 90.1). நேரமும் மாறவில்லை. மாறியது ஒன்று: ஆஞ்சியோ வரை போனவர்கள் 35-லிருந்து 61 சதவீதமானார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நேர்ந்த மரணம் அப்படியே நிற்க, ஓராண்டு மரணம் 17.6-லிருந்து 14.2-ஆக இறங்கியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல இது, காலத்தோடு வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். இருந்தாலும் டானாமியில் ஊசி எங்கே தோற்றதோ அதே இடத்தைத்தான் இதுவும் காட்டுகிறது: பிசகுவது ஊசியில் அல்ல, ஊசிக்குப் பிறகு ஆஞ்சியோ செய்யாமல் விட்டுவிடுவதில்.

அப்படியானால் யாருக்கு எது? வடசேரி, கோட்டாறு, ஆசாரிபள்ளம் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கேத் லேப் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேரே போங்கள். அந்த கேத் லேப் நள்ளிரவு இரண்டு மணிக்கும் ஓடுமா என்பதை நெஞ்சுவலி வருமுன் விசாரித்து வைக்கலாம். தக்கலை, குளச்சல்காரர்கள் போன் போட்டுக் கேட்டபின் முடிவெடுக்கலாம். இசிஜியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் புறப்பட்டால் அங்கே ஆட்கள் தயாராக இருப்பார்கள். களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான், சாலை ஒழிந்த நேரத்தில் நேரே போவது நியாயம். குலசேகரம், பேச்சிப்பாறை, ஆறுகாணி, காணி பழங்குடியினர் குடியிருப்புகள் என்றால் ஊசி முதலில், ஓட்டம் அப்புறம். தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்கும் பகலில் இதுவே பாதுகாப்பு. அந்த ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போய் நாள்கணக்கில் போட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் ஒரு வழியும் பொருந்தாது. கைவசம் ஆஸ்பிரின் இருப்பதும், வயர்லெஸ்ஸில் கரைக்குச் சொல்வதும்தான் அவர்களால் முடிந்தது.

பிரஷர் விழுந்து உடல் சில்லிட்டவர், ஊசி போடக்கூடாதவர், நேரம் கடந்தும் வலி விடாதவர்: இவர்களுக்குத் தூரம் எவ்வளவானாலும் கேத் லேப்தான்.

மாத்திரைக்கு இந்தத் தகராறே இல்லை. 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். எந்தக் கட்சி ஜெயித்தாலும் இது முதலில் வயிற்றுக்குள் போகட்டும். "ஆக்சிஜன் வைக்கலியே டாக்டர்" என்ற கோபம் மட்டும் வேண்டாம். ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்த 6,629 பேரிடம் ஸ்வீடனில் பார்த்துவிட்டார்கள். வைத்தவர்களில் ஓராண்டில் இறந்தவர்கள் 5.0 சதவீதம், வைக்காதவர்களில் 5.1.

ஊசி போட்டபின் அனுப்பும் வண்டி எது என்பதும் முக்கியம். குழாய் திறக்கும் நேரத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஆகவே பக்கத்து வீட்டு கார் வேண்டாம். ஷாக் கொடுக்கும் கருவியும் அதைக் கையாளத் தெரிந்தவரும் உள்ள ஆம்புலன்ஸ் வேண்டும். கையில் மூன்று விவரம் இருக்கட்டும்: முதல் இசிஜி தாள், போட்ட மருந்தின் பெயரும் அளவும், ஊசி போட்ட மணி. அந்த மணியை இசிஜி தாளின் மேலேயே பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆஸ்பத்திரி டாக்டர் உடனே ஆஞ்சியோவா, காத்திருப்பதா என்று தீர்மானிப்பது அதை வைத்துத்தான்.