ஸ்கூட்டர் பேட்டரிக்கு 'புது செல்' போடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

என் மின் ஸ்கூட்டரின் 48 வோல்ட் லித்தியம் பேட்டரி நாலு வருஷத்தில் பாதி தூரம்கூட ஓடாமல் படுத்துவிட்டது. புதுசின் விலை கட்டுப்படியாகவில்லை. பக்கத்துக் கடைக்காரர், "புது செல் போட்டுத் தர்றேன் சார், 16,000 குடுங்க, ஒரு வருஷம் வாரண்டி" என்றார். "இது சீக்கிரம் ஏத்தும்" என்று வேறொரு சார்ஜரும் கொடுத்தார்.

பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுவந்து, வாசல் கதவை ஒட்டி சார்ஜ் போடுவோம். மூன்றாவது வாரம், ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் ஹாலெல்லாம் நெயில் பாலிஷ் மாதிரி வாடை. பெட்டியில் கை வைக்க முடியாத சூடு. சுவிட்சை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு இறங்கினோம். அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் இறங்க வேண்டியிருந்தது. 2022 மார்ச்சில் வேலூரில், சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெளியேறும் வழியில் சார்ஜ் போடவே போடாதீர்கள். தூங்கும்போதும் வேண்டாம்.

நன்றாக ஆறிய பிறகு, பேட்டரி வேலை தெரிந்த தம்பி ஒருவர் பிரித்துக் காட்டினார். 130 செல்லுக்கும் புது நீல உறை. உறையைக் கிழித்தால் முனைகளில் பழைய வெல்டிங் தழும்பு. எங்கிருந்தோ கழற்றிய செல்கள்!

அதைவிடக் கொடுமை, பிஎம்எஸ் போர்டு. ஏதாவது ஒரு செல் அளவு மீறினால் சார்ஜை நிறுத்துவது அதுதான். செத்த செல்களோடு அது அடிக்கடி கட் ஆகும், வண்டி நடுரோட்டில் நிற்கும் என்று, நெகட்டிவ் ஒயரை அந்த போர்டு வழியே விடாமல் நேரே சால்டர் பண்ணியிருக்கிறார்கள். போர்டு சும்மா பேருக்கு இருந்தது.

சார்ஜரையும் மீட்டரில் பார்த்தார். என் பேட்டரி வரிசையில் 13 செல், ஒன்றுக்கு 4.2 வோல்ட் வீதம் 54.6-ல் நிற்க வேண்டும். இது 58.4 காட்டியது. வரிசையில் 16 செல் உள்ள, இரும்பு பாஸ்பேட் என்ற வேறு வகை லித்தியம் பேட்டரிக்கான சார்ஜர் அது. இரண்டுக்கும் வெளியே '48 வோல்ட்' என்றுதான் போட்டிருக்கும், பிளக்கும் பொருந்தும். தயவுசெய்து சார்ஜரின் அவுட்புட் எண்ணைப் படித்துப் பாருங்கள். பழைய செல்லைத் திருப்பிக் கேளுங்கள், பேக்கை மூடுமுன் நேரில் நின்று பாருங்கள்.

கடைக்காரரிடம் போனால், "வெளியில திறந்துட்டீங்க, வாரண்டி போச்சு" என்கிறார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பில் கேட்டார்கள். என்னிடம் இருப்பது யுபிஐ-யில் பணம் போன ரசீது மட்டும்தான்.