சட்டமன்ற மனுக்கள் குழு: பயன்படுத்தியவரின் மதிப்புரை

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை உறுப்பினர்கள் அடங்கிய மனுக்கள் குழுவுக்குப் பொதுமக்கள் நேரடியாக மனு அனுப்பலாம் என்பதைத் திருநெல்வேலிச் சீமையில் அறிந்தவர்கள் குறைவு. குறை என்றால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்பதே இங்குள்ள பழக்கம். பட்டா, முதியோர் ஓய்வூதியம் போன்ற தனிநபர் குறைகளுக்கு அதுவே சரியான இடம். மனுக்கள் குழு அவற்றை ஏற்பதில்லை. வேலை வேண்டுதல், வங்கிக் கடன், நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு ஆகியவையும் அதன் வரம்புக்குள் வாரா. அரசு அலுவலகங்களில் பல ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கும் பொதுப் பிரச்சினைகளுக்கே அந்தக் கதவு திறக்கும்.

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊரில் கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் இடிந்து, பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பாலத்தின் மீதே சைக்கிளில் போய்வந்தனர். பாலம் தங்களுடையதன்று என ஓர் அலுவலகமும், சாலை மட்டுமே தங்களுடையது என மற்றோர் அலுவலகமும் எழுதிக் கொடுத்த பதில்கள் ஒரு கோப்பு அளவுக்குச் சேர்ந்திருந்தன. குழு மாவட்டத்துக்கு வரவிருப்பதாகச் செய்தித்தாளில் வந்த அறிவிப்பைப் பார்த்து, தமிழில் எழுதிய மனுவை ஐந்து நகல்களாகச் சென்னைக்கு அனுப்பினேன்.

இச்சேவையின் உண்மையான பலம் விசாரணை நாளன்றுதான் தெரிகிறது. மனுதாரருக்குத் தனியே தகவல் அனுப்பி, அவர் முன்னிலையிலேயே துறை அலுவலர்களின் விளக்கத்தைக் கேட்கிறார்கள். வழக்கமாகத் தபாலில் வரும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒற்றை வரியை, ஓர் அலுவலர் சட்டமன்ற உறுப்பினர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்வது எளிதன்று. “அப்படியானால் இந்தப் பாலத்தைக் கட்டியது யார்?” என்று உறுப்பினர் ஒருவர் கேட்டதும், எதிரே இருந்தவர் கோப்பை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். இரண்டு அலுவலகங்களும் சேர்ந்து கூட்டாய்வு செய்யுமாறு அங்கேயே சொல்லப்பட்டது. கைப்பிடிச் சுவரும் பின்னர் எழும்பியது.

ஆனால், ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும் என்ற விதி எனக்கு உடன்பாடில்லை. விசாரணையை எளிதாக்கவே அப்படி வைத்திருப்பார்கள். எனினும், நம்மூர்ப் பிரச்சினைகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதற்குக் காரணமே இரண்டு துறைகளுக்கு நடுவில் அவை மாட்டிக்கொள்வதுதானே? எந்தத் துறையின் பெயரைப் போடுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு, அது தெரியாமல் அல்லாடும் மனுதாரர் தலையிலேயே விழுகிறது. அறிவிப்பு செய்தித்தாளின் ஒரு மூலையோடு நின்றுவிடாமல், ஊராட்சி அலுவலகப் பலகையிலும் கிளை நூலகத்திலும் ஒட்டப்பட வேண்டும்.

குழுவின் அதிகாரத்தை மிகைப்படுத்திக்கொள்ளவும் கூடாது. அரசின் செலவுக் கணக்கை ஆராயும் பொதுக் கணக்குக் குழு, செலவு மதிப்பீடுகளை ஆராயும் மதிப்பீட்டுக் குழு, அமைச்சர்கள் அவையில் அளித்த வாக்குறுதிகளைப் பின்தொடரும் அரசு உறுதிமொழிக் குழு ஆகியவற்றைப் போலவே இதுவும் பரிந்துரைக்கலாமே தவிர, அரசைக் கட்டாயப்படுத்த முடியாது. நாடாளுமன்றத்திலும் இதே நிலைதான். 1993-இல் தொடங்கிய துறைசார் நிலைக்குழுக்கள் இன்று 24 உள்ளன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், அமைச்சர் ஒருவரும் இல்லை. அமைச்சகங்கள் நிதி கேட்டு வைக்கும் மானியக் கோரிக்கைகளை வரிவரியாக ஆராய்ந்தாலும் அவற்றின் அறிக்கைகள் ஆலோசனைகளே. மலைக்கு அந்தப் பக்கம் கேரளச் சட்டமன்றத்திலும் துறைவாரியான குழுக்கள் உண்டு. நம் பேரவையிலும் அப்படி அமைத்தால், ஊர்ப் பாலத்தின் கதை மனுவாக வருவதற்கு முன்பே நிதி ஒதுக்கீட்டின்போது யாராவது கேட்கக்கூடும்.

மனு அனுப்ப நினைப்பவர்கள், முன்பு பெற்ற பதில் கடிதங்களின் நகல்களைத் தேதி வரிசையில் இணைத்து, விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். விசாரணையில் பேசக் கிடைக்கும் நேரம் குறைவு. எனவே கேட்க வேண்டிய ஒரே கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.