பிளக்கா, கார்புரேட்டரா: கிளம்பாத பழைய மொபெட்டில் எதை முதலில் பார்ப்பது?

கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர் வாங்கும் பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட், மழைக்காலம் முழுவதும் ஓடாமல் நின்று கிளம்ப மறுத்தால், தீப்பொறி தந்து பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதா, பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பிரிப்பதா என்ற கேள்வி எழும். பிளக்கையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பிளக் ஸ்பேனர் போதும்; அதன் முனையே நோயைச் சொல்லிவிடும். பலமுறை கிக்கரை மிதித்த பிறகும் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. நனைந்திருந்தால் பொறி எழவில்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறிப் புகுந்திருக்கிறது. ஆயிலும் சேர்ந்து எரியும் இவ்வகை எஞ்சினில் பிளக்கில் கரி படிவதும் வழக்கமே.

கார்புரேட்டரைப் பிரிப்பது நேரம் பிடிக்கும் வேலை. முனை காய்ந்திருந்து, டேங்கிலிருந்து பெட்ரோல் தடையின்றி இறங்கினால் மட்டுமே அதில் கைவைக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்ப்பதால், மாதக்கணக்கில் தேங்கியதை முழுவதும் வடித்துவிட்டு, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் நுண்துளையைக் கம்பியால் குத்தாமல் காற்றடித்தே சுத்தம் செய்ய வேண்டும்.