இருயாவுக்குப் போகும் வழிகள்: பஸ்ஸா, காரா, வாடகை ஜீப்பா, கால்நடையா?

அர்ஜென்டினாவின் வடமேற்கு மூலையில், ஆண்டீஸ் மலைச் சரிவுகளுக்கு இடையே 2,780 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இருயா. நிர்வாகக் கணக்கில் அது சால்டா மாகாணத்து ஊர். ஆனால் சால்டா நகரிலிருந்து மாகாண எல்லையைத் தாண்டாமல் அங்கே போய்ச் சேரச் சாலை இல்லை. பக்கத்து மாகாணமான ஹுஹூய்க்குள் நுழைந்து, உமாவாக்கா என்ற சிற்றூர் வரை வடக்கே ஏறி, ஒரு கணவாயைக் கடந்து, மீண்டும் சால்டாவுக்குள் இறங்க வேண்டும். எந்த வாகனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசிக் கட்டத்துக்கு இந்த ஒரே சாலைதான். ஆகவே யார் ஓட்டுவது, எந்த மாதத்தில் போவது, போனால் இரவு தங்குவதா இல்லையா என்பவைதான் உண்மையில் நாம் முடிவு செய்ய வேண்டியவை.

உமாவாக்கா வரை குழப்பமே இல்லை. சான் சால்வதோர் தெ ஹுஹூய் நகரிலிருந்து சுமார் 125 கி.மீ. தார்ச்சாலை, பஸ்கள் நாள் முழுவதும் ஓடுகின்றன. வழி நெடுக வருவது யுனெஸ்கோ 2003இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பள்ளத்தாக்கு. இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகப் பொலிவிய எல்லை வரை முன்பு ரயில் ஓடியது; 1990களில் அது நின்றுபோனது. 2024இல் தொடங்கிய சூரியசக்திச் சுற்றுலா ரயில், உமாவாக்காவுக்கு முன்பே வரும் வோல்கான், தில்காரா என்ற ஊர்களுக்கு இடையே மட்டும் ஓடுவது. இருயா பயணத்துக்கு அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

உமாவாக்காவிலிருந்து இருயா ஏறத்தாழ 75 கி.மீ. முதல் 25 கி.மீ. தேசிய நெடுஞ்சாலை 9. அதன் பிறகு வலப்பக்கம் பிரிந்து, இத்துர்பே என்ற பழைய ரயில் நிலைய ஊரைத் தாண்டி, சரளைச் சாலை மேலே ஏறுகிறது. உச்சியில் 4,000 மீட்டர் உயரத்தில் கோந்தோர் கணவாய்; இரண்டு மாகாணங்களின் எல்லையும் அதுவே. வழிப்போக்கர்கள் பச்சமாமா என்னும் பூமித்தாய்க்குக் கல் வைத்து வணங்கும் கற்குவியல் அங்கே இருக்கிறது. அதற்கு அப்பால் சுமார் 20 கி.மீ. தூரத்துக்குள் சாலை 1,200 மீட்டர் இறங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் ஆகாயம். இறங்கி முடித்ததும் ஆற்றுப்படுகை. பாலம் இல்லாத இடங்களில் வாகனம் தண்ணீருக்குள் இறங்கித்தான் கரையேற வேண்டும்.

இப்படிப்பட்ட சாலைக்கு என் முதல் தேர்வு, சந்தேகமே இல்லாமல், பஸ்தான். உமாவாக்கா பஸ் நிலையத்திலிருந்து இருயாவின் பெயரையே தாங்கிய நிறுவனத்தின் பஸ்கள் புறப்படுகின்றன. பயண நேரம் சுமார் மூன்று மணி. மற்ற வழிகளைவிட மலிவு என்பது உண்மைதான், ஆனாலும் நான் பஸ்ஸைச் சொல்வதற்குக் காரணம் அதன் ஓட்டுநர். எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், எதிரே வண்டி வந்தால் எந்த இடம் வரை பின்வாங்க வேண்டும், நேற்றைய மழைக்குப் பிறகு ஆறு எந்தப் பக்கமாக ஒதுங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அன்றாடப் பாடம். ஆறு அளவுக்கு மீறிப் பெருகினால் பஸ் போகாது. அந்த முடிவை ஊர் தெரியாத நாம் எடுக்காமல் தெரிந்தவர் எடுக்கிறார் என்பதே பெரிய நிம்மதி.

அதோடு, பஸ் அந்தப் பள்ளத்தாக்கு மக்களின் வண்டி. மூட்டைகளும் பெட்டிகளும் நம்மோடு பயணிக்கும். கண்ணுக்கெட்டிய தூரத்தில் வீடே இல்லாத இடத்தில் பஸ் நிற்கும். ஒரு பாட்டி முதுகில் வண்ணத் துணிப் பொதியோடு இறங்கி, சரிவில் ஒற்றையடிப் பாதையைப் பிடித்து ஏறுவார். சன்னலை ஒட்டிய இருக்கை கிடைத்தால் போதும், அந்த மலைக்குள் எத்தனை சிற்றூர்கள் மறைந்திருக்கின்றன என்பது புரியத் தொடங்கும். இதைக் கார்க் கண்ணாடி வழியே பார்க்க முடியாது.

குறைகளும் உண்டு. ஒரு நாளைக்குச் சில பஸ்கள்தான். நேரம் மாறக்கூடியது, முந்தைய நாளே நிலையத்தில் நேரில் கேட்டு டிக்கெட் வாங்குவது நல்லது. கணவாயில் இறங்கிப் படமெடுக்க நேரம் கிடைக்குமா என்பது ஓட்டுநரின் விருப்பம். புழுதி நிச்சயம். உயரத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு இறக்கம் சோதனையாகவே இருக்கும். அவர்கள் நடைபாதையை ஒட்டிய இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வாடகைக் கார் எடுத்து நாமே ஓட்டுவது அடுத்த வழி. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், லாமாக்கள் மேய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரையான வறண்ட மாதங்களில், மலைச் சாலையில் கை பழகியவர்களுக்கு இது தகுந்த வழிதான். சாதாரணக் கார்களே அந்த மாதங்களில் போய் வருகின்றன. ஆனால் சில விஷயங்களை நன்றாக யோசிக்க வேண்டும். 4,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் இன்ஜின் கிட்டத்தட்ட அதே அளவு வலுவை இழக்கும். நான்கு பேரும் பெட்டிகளுமாக ஏறினால் முதல் கியரிலேயே திணறும். இறங்கும்போது பிரேக்கையே நம்பினால் அது சூடேறிப் பிடிமானம் குறையும். கீழ் கியரில் இறங்கத் தெரிந்திருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தையும் கையெழுத்துக்கு முன் வரிவரியாகப் படியுங்கள். டயர், கண்ணாடி, அடிப்பாகம், தண்ணீரில் இறங்கியதால் வரும் சேதம் ஆகியவற்றுக்குக் காப்பீடு பொருந்தாது என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். இருயா சாலை ஒரு காருக்கு என்னென்ன செய்யக்கூடுமோ, அவை எல்லாமே அந்த வரிக்குள் அடங்கிவிடுகின்றன. எரிபொருளை உமாவாக்காவில் நிரப்பிக்கொண்டே கிளம்ப வேண்டும். ஊரை அடைந்த பிறகும் காருக்குப் பெரிய வேலை இல்லை: செங்குத்தான, கல் பாவிய, குறுகிய தெருக்கள். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான்.

ஓட்டுநரோடு நான்கு சக்கர உந்துவிசை வண்டியை அமர்த்திக்கொள்வது மூன்றாவது வழி. செலவு அதிகம், ஆனால் மூன்று நான்கு பேர் பகிர்ந்தால் தாங்கக்கூடியது. அர்ஜென்டினாவில் விலைவாசி வேகமாக மாறுவதால் இங்கே தொகை சொல்வதில் பயனில்லை. கிளம்பும் முன் பேசி, திரும்பும் பயணமும் சேர்ந்ததா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். முதியவர்களோடு போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். மூச்சு வாங்கினால் நிறுத்தச் சொல்லலாம், தலைசுற்றினால் உடனே கீழே இறக்கச் சொல்லலாம். பஸ்ஸில் அது நடக்காது.

ஒருநாள் சுற்றுலா எனக்கு உடன்பாடில்லாத வழி. காலையில் கிளம்பி, மாலையில் திரும்பி, ஒரே நாளில் 4,000 மீட்டர் கணவாயை இரண்டு முறை கடக்கச் சொல்கிறது அது. உடலுக்கும் நல்லதல்ல, ஊரையும் பார்த்த மாதிரி ஆகாது. நண்பகல் வெயிலில், 1753ஆம் ஆண்டுத் தேவாலயத்தின் முன் ஒரு படம், ஒரு சாப்பாடு, பிறகு வண்டி. பகல் பயணிகள் போன பிறகு மலை நிறம் மாறுவதும் ஊர் தன் இயல்புக்குத் திரும்புவதும் இரவு தங்குகிறவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். எளிய விடுதிகளும், அறை வாடகைக்கு விடும் குடும்பங்களும் இருக்கும் ஊர் அது. நாம் ஒரு இரவு தங்கினால் பணமும் அங்கேயே தங்கும்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எந்த வாகனமும் இதிலிருந்து நம்மைக் காப்பாற்றாது. ஹுஹூய் நகரம் சுமார் 1,260 மீட்டர். உமாவாக்கா 3,000 மீட்டரை நெருங்குகிறது. விமானத்தில் இறங்கிய அன்றே கணவாயைத் தாண்ட முயல வேண்டாம். தில்காராவிலோ உமாவாக்காவிலோ ஓரிரு இரவுகள் தங்கி, நிறையத் தண்ணீர் குடித்து, குறைவாகச் சாப்பிட்டுப் பிறகு ஏறுங்கள். அங்குள்ளவர்கள் கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள்; அர்ஜென்டினாவில் அதை மெல்வதையும் தேநீராகக் குடிப்பதையும் 1989ஆம் ஆண்டுச் சட்டமே அனுமதிக்கிறது. மிச்ச இலையை மட்டும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி அதை வைத்திருப்பது குற்றம்.

மேலே சொன்ன தேர்வுகள் எல்லாம் மழைக்காலத்தில் சுருங்கிவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரை இங்கே கோடைமழை. சரிவுகளில் மரமில்லை, மண் தளர்ந்தது. ஒரு மாலை இடிமழை போதும், சேறும் கல்லுமாக ஆறு இறங்கிவரும். இருயா ஆறு அள்ளிச் செல்லும் வண்டல் பெர்மேஹோ ஆற்றின் வழியாகப் பரானா ஆறு வரை போகிறது. அந்த மாதங்களில் சாலை துண்டிக்கப்படுவது ஊர்க்காரர்களுக்குப் பழகிய செய்தி. அப்போது போயே ஆக வேண்டுமென்றால் காலை பஸ். மழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால் காலையில் ஆறு தணிந்திருக்க வாய்ப்பு அதிகம். திரும்பும் விமானத்துக்கு முன் குறைந்தது இரண்டு நாள் கையிருப்பாக வையுங்கள். சொந்தமாகக் கார் ஓட்டிப் போவதை அந்த நான்கு மாதங்களுக்கு மறந்துவிடுங்கள்.

இருயாவுக்கும் அப்பால், சுமார் 8 கி.மீ. தொலைவில் சான் இசித்ரோ இருக்கிறது. அங்கே தேர்வு எளிது: நடை. ஆற்றுப்படுகை வழியே இரண்டு மூன்று மணி நேரம், ஓடையைத் திரும்பத் திரும்பத் தாண்டிக்கொண்டு, ஊதாவும் பச்சையும் செம்மண்ணுமாக அடுக்கடுக்கான பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும் பாதை. வறண்ட மாதங்களில் பிக்கப் வண்டிகளும் படுகையில் ஓடுகின்றன; ஊர் படிக்கட்டுகளுக்கு மேலே இருப்பதால் அவையும் கீழேயே நின்றுவிடும். போகும்போது நடந்து, கால் சோர்ந்தால் திரும்ப வண்டி கேட்பது நல்ல ஏற்பாடு. வானம் கறுத்தால் மட்டும் பாதி வழியானாலும் திரும்பிவிடுங்கள், ஏனென்றால் பாதையும் ஆறும் அங்கே ஒன்றேதான்.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி ஜெபமாலை மாதா திருவிழா. காச்சிகள் என்னும் முகமூடி நடனக்காரர்கள் தேவாலயத்தின் முன் ஆட, சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து மக்கள் நடந்தும் வண்டியிலும் வந்து சேர்வார்கள். வறண்ட காலம் என்பதால் சாலை பொதுவாகத் திறந்திருக்கும், ஆனால் பஸ் இருக்கையும் அறையும் அரிது. அந்த வாரத்துக்குப் போக நினைக்கிறவர்கள் முதலில் அறையை உறுதி செய்துவிட்டு, உமாவாக்காவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து, இருபக்க டிக்கெட்டையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும்.